சத்தக் கழிவு

நாடாப்பாளையத்துல சத்தம் நின்னுபோன அன்னிக்கு ஊர் ஜனம் முதல்ல செஞ்ச காரியம், டீ குடிக்கப் போனதுதான். வேறென்ன செய்வாங்க. எங்க ஊர்ல சத்தம் நின்னா கரண்ட் போச்சுன்னு அர்த்தம், கரண்ட் போனா காளியண்ணன் டீக்கடைக்கு நடக்கணும்னு அர்த்தம், இதை யாரும் யாருக்கும் சொல்லிக் குடுத்ததில்லே, காலு தானாப் போகும். காவிரிக் கரையோரமா இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் வீட்டுக்கு நாலு பவர்லூம், சந்துக்கு நாப்பது பவர்லூம்னு வேட்டியும் துண்டும் நெய்துக்கிட்டே கெடக்குற ஊரு இது. தறிக்குள்ளே நூலைச் சுமந்துக்கிட்டு இப்படியும் அப்படியும் பாயற நாடா, ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஓரத்துல ஒரு அடி அடிக்கும் பாருங்க, அந்த அடியிலதான் நாங்க பொறந்தோம், அதுலதான் தூங்கினோம், சண்டை போட்டோம், பொண்ணு கட்டிக் குடுத்தோம். அப்பேர்ப்பட்ட அடி அன்னிக்குக் காலையில வெயில் ஏறுற நேரத்துல ஊர் பூரா ஒரே மூச்சில நின்னதும், எல்லாரும் தறியைத் திரும்பிக்கூடப் பார்க்காம, துண்டால வேர்வையைத் துடைச்சுக்கிட்டு வெளியே வந்தாங்க, நானும் வந்தேன், என் தறியில வேலை பார்க்கிற சிந்தாமணியும் வந்தா, சாவகாசமா நடந்து போய் டீக்கடை பெஞ்சுல உக்காந்தோம்.

கடையில ஃபேன் சுத்திக்கிட்டு இருந்துச்சு. ரெண்டாவது டீ வரைக்கும் அது ஒருத்தருக்கும் உறைக்கலை. காளியண்ணன்தான் முதல்ல மேலே பார்த்தார், அப்புறம் எங்களைப் பார்த்தார், "ஏனுங்க, கரண்ட் இருக்குதுங்களே"ன்னார். டம்ளரை அப்படியே வெச்சுட்டு ஓடினோம். போய்ப் பார்த்தா தறியெல்லாம் அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு, நாடா பாயுது, கட்டை அடிக்குது, துணி இறங்குது, சத்தம் மட்டும் இல்லே. ஆள் இல்லாத நேரத்துல அறுந்த நூல் அறுந்தபடியே ஓடி, ஊர் பூரா அன்னிக்கு நெய்த வேட்டியில பல்லுப்போன வாயாட்டம் ஓட்டை. அந்த வேட்டிங்களை யார் தலையில கட்டறதுன்னுதான் சாயங்காலம் வரைக்கும் பேச்சா இருந்துச்சே தவிர, சத்தம் எங்கே போச்சுன்னு யாரும் கேக்கலை. சேதாரம் முதல்ல, அதிசயம் அப்புறம், அதுதான் எங்க ஊரு.

எனக்கு மட்டும் தெரியும், இது எங்க வீட்டுக்காரர் வேலைன்னு.

அவர் பேரு திருமூர்த்தி, என் பேரு பாவாயி. வீட்டு முன்னாடி அவருக்கு மோட்டார் காயில் கட்டுற பட்டறை, பின்னாடி எங்கப்பன் சீரா குடுத்த தறிக்கூடம் எனக்கு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு சின்ன அறை, அதுல அவரோட ரேடியோ. பாட்டு கேக்குற ரேடியோ இல்லீங்க. கவர்மெண்டு பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, மொட்டைமாடியில ரெண்டு மூங்கிலுக்கு நடுவே கம்பி கட்டி, உலகத்தோட அந்தப் பக்கம் இதே மாதிரி கம்பி கட்டி உக்காந்திருக்கிற இன்னொரு பைத்தியத்தோட பேசுற ரேடியோ. ஹாம்னு சொல்லிக்குவாங்க. உங்க பேரென்ன, ஊரென்ன, அங்கே மழையா வெயிலா, அவ்வளவுதான் பேச்சு, அதுவும் முக்காவாசி வாயால கிடையாது, விரலால ஒரு சாவியைத் தட்டித் தட்டி எழுத்தெழுத்தா அனுப்பணும். "எதிர்வீட்டு மழை வெயிலை விசாரிச்சா ஆகாதா"ன்னு கேட்டா சிரிப்பார். சிரிப்பு மட்டும் நல்லா இருக்கும், அதுலதான் ஏமாந்தேன்.

ஊர்ல ஓடற தறி மோட்டார் ஒவ்வொண்ணும் பொறி விடும், ஒவ்வொரு பொறியும் அவர் ரேடியோவில 'டக் டக்'னு வந்து விழும், அதுக்கடியில கெடக்குற தூரத்துக் குரலைப் பிடிக்கறது சந்தைக்கடையில நின்னு ரகசியம் கேக்கற மாதிரி. அதனால கரண்ட் போனாத்தான் அவருக்கு நல்ல நாள். ஊரே தலையில கை வெச்சு உக்காந்திருக்கும், இவர் மட்டும் பேட்டரியை மாட்டிக்கிட்டு மாப்பிள்ளையாட்டம் அறைக்குள்ளே போவார். மூர்த்தி அண்ணன் வேண்டுதல் வெச்சுத்தான் கரண்ட் போகுதுன்னு ஒரு காலத்துல ஊர்ல புரளி வேற. அப்படி ஒரு கரண்ட் போன நாள்லதான் அன்டோன்னு ஒருத்தரைக் கேட்டாராம். தெற்கே, கடலுக்கு நடுவே, மேப்புல ஈ உக்காந்த அளவுக்கு ஒரு தீவு, அதுல காத்தையும் மழையையும் அளக்கற கூடம், அந்தக் கூடத்துல தனியா ஒரு ஆளு. அவர் தட்டறது பஞ்சு விழற மாதிரி அவ்வளவு மெலிசா வந்துச்சாம். இவர் பதில் தட்டறதுக்குள்ளே கரண்ட் வந்துருச்சு, தறியெல்லாம் கிளம்பிருச்சு, அன்டோன் உள்ளே அமுங்கிப்போனார். அப்புறம் புதுசா சப்ஸ்டேஷன் வந்து கரண்ட் போறதே நின்னுபோச்சு. ஊர் பொங்கல் வெச்சுது. இவர் மூஞ்சி மட்டும் தொங்கிப்போச்சு.

அப்போ ஆரம்பிச்சதுதான் இந்த நாய்ஸ் பிளாங்கர். இரைச்சல் 'டக்'னு வர்ற அந்தக் கண்ணிமைக்கிற நேரத்துக்கு மட்டும் ரேடியோ காதைப் பொத்திக்கும், இரைச்சல் தாண்டினதும் திறந்துக்கும், அதுக்கு ஒரு சின்னப் பெட்டி, எவ்வளவு வெட்டணும்னு கூட்டிக் குறைக்க அதுல ஒரு திருகு. "நடுவுல பொத்தினது தெரியாதுங்களா"ன்னு கேட்டேன். "நீ நாள் பூராக் கண்ணைச் சிமிட்டுறியே, அப்பப்போ உலகம் இருட்டாயிட்டுப் போகுதுன்னு என்னிக்காச்சும் சொல்லியிருக்கியா புள்ளே"ன்னார். பவானியில இருந்து வக்கீல் நாகராசன், அவரும் ஒரு ஹாம், வந்து பெட்டியைப் பார்த்துட்டு, "திருகை ரொம்ப வலது பக்கம் திருப்பிடாதே மூர்த்தி, பக்கத்துல இருந்து பலமாப் பேசறவன் குரலையும் இரைச்சல்னு நினைச்சு வெட்டிப்புடும்"னு சொன்னார். எங்க வீட்டுக்காரர், "பக்கத்துல இருக்கிறவங்க பேச்சு எனக்கு எதுக்குங்க, நான் கேக்கப் போறது தூரத்து ஆளை"ன்னார். நான் காப்பி டம்ளரோட நின்னு ரெண்டு பேர் வாயையும் பார்த்துக்கிட்டிருந்தேன். தறிக்காரங்களுக்கு அது பழக்கம், வாயைப் பார்த்தே பேச்சைப் புரிஞ்சுக்குவோம், மிச்சத்துக்குக் கை இருக்கு.

அன்னிக்குக் காலையில அவர் திருகைக் கடைசி வரைக்கும் வலது பக்கம் திருப்பினார். உள்ளே அன்டோன் தெளிவா வந்தார். வெளியே ஊர் டீ குடிக்கப் போச்சு.

மறுநாள் அவரே டீக்கடையில போய் ஒத்துக்கிட்டார், இப்படி இப்படி, என் பெட்டிதான் வெட்டுதுன்னு. யாரும் அவரை அடிக்கலை. காளியண்ணன்தான் ஒரு கேள்வி கேட்டார். "நூல் கழிவையே மூட்டை கட்டி எடைக்குப் போடற ஊருங்க இது. வெட்டுன சத்தமெல்லாம் எங்கீங்க விழுது?" இவர், "அது எங்கேயும் விழாதுங்க, இல்லாமப் போயிடும்"னார். "இல்லாமப் போற சாமான்னு ஒண்ணு உலகத்துல இருக்குதுங்களா"ன்னு கேட்டுக்கிட்டே காளியண்ணன் அடுத்த டீயை ஆத்தினார். அந்தக் கேள்வி அப்படியே பெஞ்சுல கெடந்துச்சு.

அப்புறம் ஊர் பழகிக்கிச்சு. பழகாம என்ன செய்யும், தறி ஓடுது, துணி விக்குது. நூல் அறுந்தா சத்தத்துலயே கண்டுபிடிக்கிற ஆளுங்க, இப்போ நடந்து போறப்பவே தறிச் சட்டத்துல உள்ளங்கையை வெச்சு, கொழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி பார்த்துக்கிட்டாங்க. எது வெட்டுப்படும், எது வெட்டுப்படாதுன்னு பத்துப் பதினைஞ்சு நாள்ல எல்லாருக்கும் அத்துப்படி. 'டக்'னு வர்றதெல்லாம் போயிடும், இழுத்து வர்றது தங்கும். குக்கர் விசில் கேக்கும், உரல் இடிக்கறது கேக்காது. கோயில்ல நாதஸ்வரம் கேக்கும், தவில் கேக்காது. முதல் முகூர்த்தத்துல கெட்டிமேளம் கெட்டிமேளம்னு கையை ஆட்டறாங்க, தவில்காரர் உயிரைக் குடுத்து அடிக்கறார், ஒரு பொட்டு சத்தமில்லே, நாதஸ்வரம் மட்டும் தனியா, அத்தனை மெதுவா, யாரோ அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் பேசற மாதிரி வாசிச்சுது, தாலி ஏறுறப்ப மாப்பிள்ளையோட அம்மா மூக்கை உறிஞ்சினதுகூடக் கேட்டுதுன்னு வந்தவங்க சொன்னாங்க. இழவு வீட்டுல பறை கேக்காது, அழுகை மட்டும் கேட்டுச்சு, அது தாங்க முடியலைன்னு கொஞ்சநாள் புலம்பினாங்க, அப்புறம் அதையும் தாங்கிக்கிட்டாங்க.

குரலை ஓங்கினாலும் வெட்டு. ரெண்டு ஓரகத்திங்க குழாயடியில மல்லுக்கு நின்னா, கோபம் ஏற ஏறப் பேச்சுல ஓட்டை விழும், "உன்… யோக்கியதை… எனக்கு…"ன்னு, அப்புறம் அதுவும் போய் வெறும் வாய் அசையும், பார்த்துக்கிட்டிருந்தவங்க சிரிச்சுட்டாங்க, அந்த ரெண்டு பேரும் சிரிச்சுட்டாங்க. அப்படியே ஊரே குரலைத் தாழ்த்திக்கிச்சு. முன்னெல்லாம் உப்பு இருக்குதான்னு கேக்கறதையே ஊர்வலம் மாதிரிக் கத்திக் கேக்கற ஜனம், இப்போ உதடு பிரியாமப் பேசக் கத்துக்கிச்சு. வாயகலப் பேசறது பட்டிக்காட்டுத்தனம்னு ஆகிப்போச்சு, கையை ஆட்டிப் பேசறது அதைவிடப் பட்டிக்காட்டுத்தனம். தறி முதலாளி ஒருத்தர் பொண்ணு, இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாங்கப்பான்னு எத்தனையோ மாசமாச் சின்னக் குரல்ல சொல்லிக்கிட்டே இருந்திருக்கு, அது அவங்கப்பன் காதுல அப்போதான் விழுந்துச்சாம். அந்த மனுசன் ஆடிப்போயிட்டார், கல்யாணத்தை நிறுத்திட்டார். நல்லது நடக்கலைன்னு நான் சொல்லவே இல்லே.

அப்புறம் ஆறு. காவிரி எங்க கொல்லைக்குப் பின்னாடியே ஓடுது, அதுக்கு ஒரு சத்தம் உண்டுன்னு எங்க யாருக்கும் தெரியாது. ஒருநாள் சாயங்காலம் யாரோ கண்டுபிடிச்சு, மறுநாள்ல இருந்து ஊரே படித்துறையில போய் உக்கார ஆரம்பிச்சுது. பாறையைச் சுத்தி வர்றப்ப ஒரு மாதிரி, நாணலுக்குள்ளே போறப்ப ஒரு மாதிரின்னு பேசிக்கிட்டாங்க. சிலபேர் கண்ணை மூடிக்கிட்டாங்க. சிந்தாமணி என் தோளைத் தொட்டு, ஆத்துப் பக்கம் கையைக் காட்டி, மோவாயைத் தூக்கி, கேக்குதாங்கக்கான்னு கேட்டா.

எனக்கு ஒண்ணும் கேக்கலை.

"ஆமா, நல்லா இருக்குது"ன்னேன். சிந்தாமணி முகத்தைப் பார்த்தா என் பேச்சு அவளுக்குப் போய்ச் சேர்ந்த மாதிரித் தெரியலை, அதனால தலையை ஆட்டி வெச்சேன். அதுவரைக்கும் நான், ஊர்ல எல்லார் பேச்சையும்தான் பெட்டி வெட்டுது, எல்லாருக்கும்தான் எதிராளி பேசறது கேக்கலைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அப்படி இல்லே. அவங்க பேசிக்கிட்டாங்க, கேட்டுக்கிட்டாங்க, சிரிச்சாங்க. தாவணி போட்ட காலத்துல இருந்து தறிக்குப் பக்கத்துலயே நின்ன காது என்னோடது, அது எப்பவோ போயிருக்கு, நான் செவிடுன்னு எனக்கே தெரியாது. எப்படித் தெரியும், எல்லாரும் கத்தினாங்க, வாயகலப் பேசினாங்க, கையை ஆட்டினாங்க, நானும் உலகத்தோட உலகமா இருந்தேன். ஊருக்குக் காது கிடைச்ச அன்னிக்கு எனக்கு ஊரே இல்லாமப் போச்சு.

என் குரலும் அப்படித்தான். எவ்வளவு சத்தமாப் பேசறோம்னு தன் காதுக்குத் தெரிஞ்சாத்தானே குறைக்கறதுக்கு. நான் பேசறதெல்லாம் பெட்டிக்கு இரைச்சல், முழுசா வெட்டு. சிந்தாமணி உள்ளங்கையைக் கீழே அமுக்கி அமுக்கிக் காட்டுவா, மெதுவாங்கக்கா மெதுவான்னு. குறைச்சுப் பார்ப்பேன், வாய்க்குள்ளேயே போயிடும். கூட்டினா வெட்டு. நடுவுல எங்கேயோ ஒரு இடம் இருக்கணும், எனக்கு அது பிடிபடலை. நூல் வியாபாரிகிட்ட நான் பேரம் பேசினா நாலு தெரு தள்ளி இருக்கிறவன் விலையைக் குறைப்பான்னு சொல்லுவாங்க, அப்பேர்ப்பட்ட தொண்டை. இப்போ வியாபாரி என் வாயைப் பார்த்துட்டுச் சிந்தாமணிகிட்ட விலை பேசினான். பாவாயி முன்ன மாதிரி இல்லே, தணிஞ்சுட்டா, பரவாயில்லேன்னு ஊர்ல நாலு பேர் சந்தோசப்பட்டதாக்கூடக் கேள்வி.

எங்க வீட்டுக்காரர்? அவருக்கு அன்டோன் கிடைச்சுட்டார். காதுல ஹெட்ஃபோன், விரல்ல சாவி, முகத்துல அந்தச் சிரிப்பு. அங்கே ஆடு கெடையாது மாடு கெடையாது, கடல்பறவை மட்டும்தான், பதினோரு மாசம் காத்துன்னு எனக்குச் சொன்னார், அதுவும் புது ஊர்ப் பழக்கத்துல உதடு பிரியாம. பாதி புரிஞ்சுது, பாதி நானாப் போட்டுக்கிட்டேன். சாப்பிடக் கூப்பிடுவேன். "ஏனுங்க." அவரை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லே, எனக்கு அவர் பேரே அதுதான். "ஏனுங்க." திரும்ப மாட்டார். முன்னெல்லாம் ஹெட்ஃபோன் போட்டிருந்தாலும் தறிச்சத்தத்தையும் தாண்டி என் குரல் கேட்டு எந்திரிச்சு வருவார். இப்போ பக்கத்துல போய்த் தட்டை வெச்சுட்டு வந்துடுவேன்.

ஒரு மத்தியானம், சிந்தாமணி சாப்பிடப் போயிருந்தா, குனிஞ்சு நூல் கோக்கறப்ப என் முந்தானை மோட்டார் பெல்ட்டுல சிக்கிருச்சு. வேகமா ஒண்ணும் இல்லே, ஒரு சுத்து, அப்புறம் இன்னொரு சுத்து, கோழியை இழுக்கிற மாதிரி என்னை இழுத்துச்சு. தறியை நிறுத்துற கைப்பிடி ஒரு முழம் தள்ளி. நான் கத்தினேன். ஏனுங்கன்னு, அடிவயித்துல இருந்து, என் ஆயுசுல அப்படிக் கத்தினது கெடையாது, எத்தனை பலமாக் கத்தினேனோ அத்தனை சுத்தமா அது வெட்டுப்பட்டுச்சு. ஒரு செவுருக்கு அந்தப் பக்கம் அவர். நல்லவேளை பழைய சேலை, தோள் வரைக்கும் வந்ததும் அதுவாக் கிழிஞ்சு என்னை விட்டுச்சு. கிழிஞ்ச முந்தானையோட போய் அவருக்குப் பின்னாடி நின்னேன். என் நிழல் மேஜையில விழுந்திருக்கணும், திரும்பாமலே இடது கையைத் தூக்கி, கொஞ்சம் இருன்னு காட்டினார்.

அந்தக் கையைப் பார்த்துக்கிட்டே நின்னேன். நல்ல கைதான், எத்தனையோ மோட்டாருக்கு உயிர் குடுத்த கை. எனக்கு அழுகை வந்துச்சு, போய்க் கொல்லையில அழுதேன், அதோட வாயை மூடினேன். அதுக்கப்புறம் யார்கிட்டயும் பேசலை. ஒருத்தரும் கண்டுபிடிக்கலை, ஏன்னா அதுக்கு முன்னாடி பேசினதும் யாருக்கும் கேட்டதில்லே. அவரும் கண்டுபிடிக்கலை. அதைத்தான் என்னால தாங்க முடியலை.

ரொம்ப நாள் கழிச்சு, ஒருநாள் மத்தியானம் சோத்துத் தட்டோட அறை வாசல்ல நின்னேன். அவர் பக்கவாட்டுல உக்காந்திருந்தார், அன்டோன் தட்டிக்கிட்டிருந்தார் போல. எழுத்தெழுத்தா வாய்விட்டுச் சொல்லி, ஒரு வாக்கியம் முடிஞ்சதும் அதைத் தமிழ்ல தனக்குத்தானே சொல்லிக்கறது அவர் பழக்கம். தனியா இருக்கறப்ப வாயகலத்தான் சொல்லுவார், பழைய தறிக்காரர் வாய். அதனால எனக்குப் படிக்க முடிஞ்சுது.

"உங்க பக்கத்துல இருந்து ஒரு சத்தம் வருது." சொல்லிட்டு இவர் சிரிச்சார். "தினமும் வருது. தகர ஓட்டுல கல்மழை பெய்யற மாதிரி. மெஷினா இருக்கும்னு நினைக்கிறேன். நடுவுல மேளம், யாரோ உரல் இடிக்கறாங்க, யாரோ சண்டை போடறாங்க." இவர் சிரிப்பு நின்னுபோச்சு. "இங்கே காத்தைத் தவிர ஒண்ணுமில்லே, அதனால அதைப் போட்டுவிட்டுத்தான் தூங்கறேன். துணையா இருக்கு." இவர் சாவியில என்னமோ தட்டப்போய், தட்டாம நிறுத்தினார். "அதுல ஒரு பொம்பளை கூப்பிடறாங்க. தினமும் ஒரே சொல். ஒருநாள் ரொம்பப் பலமாக் கூப்பிட்டாங்க. அதுக்கப்புறம் அந்தக் குரல் வரலை."

காளியண்ணன் பெஞ்சுல போட்ட கேள்விக்கு அப்படித்தான் பதில் வந்துச்சு. வெட்டினதெல்லாம் மூங்கில் கம்பி வழியா ஏறி, கடலைத் தாண்டி, தனியா உக்காந்திருந்த ஒரு மனுசன் கூரையில போய் விழுந்திருக்கு.

என்ன சொல்னு இவர் கேட்டிருக்கணும். அந்தப் பக்கம் மெதுவாத் தட்டினார் போல, இவரும் ஒண்ணொண்ணா மெதுவாச் சொன்னார். ஈ. என். யூ. என். ஜி. ஏ. சேர்த்துச் சொல்லிப் பார்த்தார், ஏதோ வெளியூர்க்காரி பேரு மாதிரி. இன்னொரு தடவை சொன்னார். மூணாவது தடவை அவர் வாய் சரியா அந்தச் சொல்லோட வடிவத்துக்கு வந்துச்சு, கட்டிக்கிட்ட நாள்ல இருந்து நான் கூப்பிட்ட கூப்பாடு, அது அவர் உதட்டுல வந்து நின்னுச்சு, நான் தட்டோட அதைப் பார்த்துக்கிட்டு நின்னேன். அப்புறம் அன்டோன் கடைசியா ஒண்ணு கேட்டார், அதைச் சொல்றப்ப இவர் விரல் சாவியை விட்டு இறங்கிருச்சு.

"அந்தம்மா நல்லா இருக்காங்களா."

திரும்பினார். என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், நான் தையல் போட்டுக் கட்டியிருந்த முந்தானையைப் பார்த்தார். அது எப்படிக் கிழியும்னு தறி ஊர்ல பொறந்த ஆளுக்குச் சொல்லவேண்டியதில்லே. கையை நீட்டி அந்தத் திருகை இடது பக்கம், கடைசி வரைக்கும் திருப்பினார்.

ஊர் திரும்பி வந்துச்சு. பூமி குலுங்கற மாதிரி அத்தனை தறியும் ஒண்ணா அடிச்சுது, என் காதுக்கே கேட்டுச்சு, உள்ளங்காலுக்கும் கேட்டுச்சு. வெளியே ஜனம் என்ன பண்ணுச்சுங்கறீங்க, கரண்ட் வந்துருச்சுன்னு டீயைப் பாதியில வெச்சுட்டுத் தறிக்கு ஓடுச்சு. பாதி வழியில நின்னு ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்து, அப்புறம் மொத்தமா எங்க வீட்டு வாசலுக்கு வந்தாங்க. காதைப் பொத்திக்கிட்டு வந்தாங்க. திருப்பிப் போடுங்கண்ணா, ஆத்துச் சத்தம் இல்லாம எப்படி இருக்கறது, கொழந்தை எந்திரிச்சுருச்சுன்னு ஆளுக்கொண்ணு.

எங்க வீட்டுக்காரர் கூட்டத்துல பேசற ஆளே இல்லே. அன்னிக்குப் படியில ஏறி நின்னு, பழையபடி வாயைப் பொளந்து, கையை ஆட்டி, "எங்க வீட்டுக்காரிக்குக் காது கேக்காதுங்க. அது இத்தனை வருசமா எனக்குத் தெரியலைங்க. ஆத்துச் சத்தம் அவளுக்குக் கேக்கலைங்க"ன்னார். எனக்கு மண்ணுக்குள்ளே போயிடலாமான்னு இருந்துச்சு.

காளியண்ணன் டீக்கடை வைக்கறதுக்கு முன்னாடி முப்பது வருசம் தறி ஓட்டின ஆளு. அவர் ஒரு எட்டு முன்னாடி வந்தார். "நெசத்தைச் சொல்லோணும்னா, எனக்கும் கேக்கலைங்க"ன்னார். "எல்லாரும் கேக்குதுன்னாங்க. நானும் கேக்குதுன்னேன்." அவர் பக்கத்துல இருந்த அம்மா, எனக்கும்னு கையைத் தூக்குச்சு. அப்புறம் இன்னொருத்தர். அப்புறம் படித்துறையில கண்ணை மூடி உக்காந்து ரசிச்சவங்கள்ல முக்காவாசிப் பேர். கேக்குதுன்னு யாரு முதல்ல சொன்னாங்களோ தெரியலை, கேட்டவங்க கொஞ்சம் பேருதான், மிச்சமெல்லாம் என்னை மாதிரித் தலையாட்டினதுங்க. அப்புறம் ஓட்டை வேட்டி விழுந்துடும்னு அவங்கவங்க தறிக்குப் போயிட்டாங்க.

இப்போ மாசத்துக்கு ஒருநாள் லைன் வேலைக்குன்னு கரண்டை நிறுத்தறாங்க. அன்னிக்கு டீயைக் கையில வாங்கிக்கிட்டு எல்லாரும் படித்துறைக்குப் போவோம். காது இருக்கிறவங்க, ஆறு இன்னிக்கு எப்படிப் பேசுதுன்னு காது இல்லாதவங்களுக்குக் கையால சொல்லுவாங்க. சிந்தாமணி எனக்குச் சொல்லுவா, அவ விரலு நல்லா நெளியும். அன்னிக்குத்தான் அன்டோனும் கிடைப்பார். அவருக்கு எங்க சத்தம் இல்லாமத் தூக்கம் பிடிக்கலையாம், திருப்பி எப்போ அனுப்புவீங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கார், பாவம்.

அதெல்லாம் பின்னாடி. அன்னிக்கு ஜனம் கலைஞ்சதும் அவர் உள்ளே வந்து தரையில உக்காந்தார். தட்டை முன்னாடி வெச்சேன், சோறு ஆறிப்போயிருந்துச்சு. நான் எதிர்க்க உக்காந்தேன். ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கிட்டு, குனிஞ்சபடியே உதட்டுக்குள்ளே என்னமோ சொன்னார், அந்த மௌன காலத்துப் பழக்கம் இன்னும் போகலை. நான் பார்த்துக்கிட்டிருந்தேன். அவருக்குச் சுருக்குன்னு பட்டிருக்கணும். சோத்தைக் கீழே வெச்சார், கையைத் துடைச்சார், என் மோவாயைத் தொட்டு முகத்தைத் தன் பக்கம் நிமிர்த்தி, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு எழுத்தா, கையையும் ஆட்டி, அதையே திரும்பச் சொன்னார்.

"உப்புப் பத்தலை."

"எந்திரிச்சுப் போய்ப் போட்டுக்குங்க"ன்னேன். நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும்.